கிணற்று மேட்டில் காற்று போன வழி

பாலமாகப் போட்டு வைத்திருந்த தென்னை மரங்களைச் சூறைக்காற்று சாய்த்த மரங்கள் என்று நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவற்றின் திசையை அளந்து நோட்டில் எழுதியவன் நான். ஒன்று இரண்டல்ல, பதினொன்று. எல்லாமே வாய்க்காலுக்குச் சரியாகக் குறுக்கே கிடந்தன. இயற்கையில் இப்படியொரு ஒழுங்கா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. பன்னிரண்டாவதை அளக்கக் குந்தியபோது, தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மாள் அதன்மேல் நடந்து வந்து நின்றார்.

"கொஞ்சம் நவுருங்க சார். பாலத்துல குந்திக்கினா நாங்க எப்பிடிப் போறது?"

பாரூர் வாய்க்கால் ஓரம் எனக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் தர ஆய்வுப் பிரிவில் இருந்தேன். நாள் முழுக்க உருளைகளின் விட்டத்தை அளப்பவனுக்கு, அளக்க முடியாத ஏதாவது ஒன்றின்மேல் ஆசை வந்தே தீரும். எனக்குச் சுழல்காற்றின்மேல் வந்தது. ஓசூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்ததில், காற்று போய்ப் பல வருடம் கழித்தும், சாய்ந்த மரங்களைக் கொண்டே அது வந்த வழியை வரைந்துவிடலாம் என்று தெரிந்தது. சாதாரணப் பெருங்காற்று மரங்களை ஒரே பக்கமாகத் தள்ளும். சுழல்காற்று அப்படியல்ல, இடப்பக்கத்து மரம் வலப்பக்கமாகவும், வலப்பக்கத்து மரம் இடப்பக்கமாகவும் வழியின் நடுவை நோக்கிச் சாயும். இதைக் கேண்டீனில், சாம்பாரிலிருந்து எடுத்த முருங்கைக்காய்த் துண்டுகளை அடுக்கி விளக்கினேன். பாதிப் பேர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். லேத்தில் வேலை செய்த நண்பர் மட்டும் போகவில்லை.

"எங்க நெலத்துலயும் ஒரு காத்து அடிச்சுது சார். ஏழு வருசம் ஆவுது. வந்து பாக்கறீங்களா?"

அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். அப்பாவின் நிலத்தில், கிணற்றை ஒட்டிய மேட்டில் ஒரு வீடு கட்ட வேண்டும். அந்த மேட்டில் முன்பு மாட்டுக் கொட்டாய் இருந்தது. அந்தக் காற்றில் கூரையோடு போனது. அப்பா, "அந்த மேட்டுல வேணாம்" என்பதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. மேஸ்திரியோ சித்திரைக்குள் சொல்லாவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார்.

"சாமி குத்தம்னு நெனக்கிறாரு சார். அது நாலு பேரு நெலத்துலயும் பூந்து போன காத்துதான்னு நீங்க காட்டிட்டா, எங்கூட்டு மேட்டு மேல பழி இல்லன்னு ஆயிடும்."

இப்படியொரு வழக்கு கைக்கு வந்தும்தான் நான் பாலங்களை அளந்தேன். எல்லாம் ஒரே பக்கமாகக் கிடந்தால், நான் படித்தபடியே அது சுழல்காற்றுக்கு எதிரான சாட்சி. அதுகூட உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, வேரைப் பார்க்காமல் எந்த மரத்தையும் நம்புவதில்லை என்ற உறுதியோடு போனேன். நண்பரின் அப்பா மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கில் அவர் எதிர்த்தரப்பு; வணக்கம் வைத்துவிட்டு விலகியே நடந்தேன்.

முதல் சாட்சி பக்கத்து நிலத்து மாந்தோப்பில் கிடைத்தது. பாதி வேர் பெயர்ந்து சாய்ந்த ஒரு மாமரம், சாகாமல், படுத்த அடிமரத்திலிருந்து நேர் மேலே புதுக் கிளைகளை விட்டிருந்தது. படுத்த திசை அப்படியே இருந்தது. இருபதடி தள்ளி இன்னொன்று, இதற்கு எதிர்த்திசையில். இரண்டின் தலையும் ஒன்றையொன்று பார்த்தன. திசையை எடுக்கக் குனிந்தேன். கீச்செயினில் தொங்கிய திசைகாட்டியின் முள் என் பரபரப்புத் தொற்றியதுபோல் நடுங்கியது. அது எப்போதும் நடுங்கும். அடுத்த வரப்பில் தென்னை பெயர்ந்த இரண்டு குழிகள், அவற்றின் விளிம்பில், மரம் விழுந்த பக்கத்தைக் காட்டிக்கொண்டு, மண்ணோடு இறுகிய வேர்க்கட்டைகள். அதற்கப்பால் ஒரு பனையின் கழுத்தில், யாரும் ஏறி எடுக்காத தகரத் தகடு ஒன்று துண்டு போர்த்தியதுபோல் வளைந்து கிடந்தது. நண்பர் அளக்கக் கொண்டுவந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார், நான் நோட்டோடு பின்னால் ஓடினேன். நாற்பத்தைந்து வயதில் வரப்பில் ஓடக்கூடாது என்பது மறந்துபோய், இரண்டு முறை சேற்றில் விழுந்தேன். எந்தத் திசையில் விழுந்தேன் என்று நண்பர் குறிக்கப் போனார். வேண்டாம் என்றேன்.

சாயங்காலத்துக்குள் படம் முடிந்தது. தோப்பிலிருந்து பனைவரை, மூன்று பேர் நிலத்தை அறுத்துக்கொண்டு ஒரே கோடு. பெரியவர் முன் நோட்டை விரித்து, ஒரு பாட்டம் பேசி முடித்தேன். அந்தக் கோடு கிணற்று மேட்டின் நட்டநடுவே போவதைப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் நானே கவனித்தேன்.

பெரியவர் கோட்டின்மேல் விரலை வைத்தார். "அப்ப இது அதோட வழிதான?"

"ஆமாங்க."

"வழின்னு சாரே சொல்றாரு. வழியில எவனாச்சும் ஊடு கட்டுவானா?"

நண்பர் என்னைப் பார்த்த பார்வையில், நாளையிலிருந்து கேண்டீனில் தனியாகத்தான் சாப்பிட வேண்டும் என்று புரிந்தது. வந்த வழியிலேயே காற்று திரும்ப வர வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியவரின் முகத்துக்கு முன்னால் அது எடுபடாது. அவசரமாக நோட்டைப் புரட்டினேன். கோட்டின் அகலம் அறுபது காலடிதான். கிணற்றுக்குக் கிழக்கே நின்ற பழைய தென்னைகள் ஒன்றுகூடச் சாயவில்லை.

"இங்க ஒண்ணும் ஆவலீங்களே" என்று படத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். "இங்க கட்டலாங்களா?"

பெரியவர் மகனைப் பார்த்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அவனிடம் பேசினார். "கட்டேன்டா. நான் வேணாம்னனா?"

பூமி பூஜையன்று எனக்கு முதல் தேங்காய் மூடி கொடுத்து மரியாதை செய்தார்கள். விஞ்ஞானத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே வாங்கிக்கொண்டேன். பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்? ரெண்டு ஞாயித்துக்கெழம எதுக்கு வெயில்ல அலைஞ்சீங்க? அந்தக் காத்து வந்தப்ப நான் இந்த மோட்டார் ரூம் கதவப் புடிச்சிக்கினு பாத்துக்கினுதான இருந்தேன். எங்க பூந்து எங்க போச்சுன்னு கேட்டிருந்தா, குந்தின எடத்துலயே கையக் காட்டியிருப்பேனே."