கட்டிலுக்கு அடியில் பதினான்கு அங்குலம்

‘பயணி, தன் அறைக் கட்டிலுக்கு அடியில் அடங்கக்கூடிய ஒரு பெட்டியை அறையிலேயே வைத்துக்கொள்ளலாம். கட்டிலின் அடி உயரம் பதினான்கு அங்குலம்.’

கப்பல் கம்பெனி டிக்கெட்டோடு கொடுத்த கையேட்டில் பதினோராவது விதி இது. அரசாங்க அலுவலகத்தில் விதிகளைப் படித்தே தலை நரைத்தவன் நான். இவ்வளவு தெளிவான விதியை அதிகம் பார்த்ததில்லை. ‘பொதுவாக’ கிடையாது, ‘உரிய அதிகாரியின் திருப்திக்கு உட்பட்டு’ கிடையாது. அடங்கினால் அறைக்குள், அடங்காவிட்டால் கீழே சரக்கறைக்கு. இத்தனை தெளிவாக இருப்பதை யாரும் பின்பற்றப் போவதில்லை என்று அப்போதே யூகித்திருக்க வேண்டும்.

எங்கள் பெட்டியின் உயரம் பதிமூன்றரை அங்குலம். அது தற்செயலாக அமைந்த அளவு இல்லை. பெரிய பயணக் கப்பல்கள் ஓடிய காலத்தில் கடல் கடந்து போகிறவர்கள் இரண்டு வகைப் பெட்டி வைத்திருப்பார்கள். ஆள் உயரத்துக்கு நிற்கும் பெட்டிகள் சரக்கறைக்குப் போய்விடும். அவற்றைக் கரை இறங்கும்போதுதான் பார்க்க முடியும். வழியில் தேவைப்படும் துணிகளுக்கு ஒரு தட்டைப் பெட்டி. அதன் நீளம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். உயரம் மட்டும் கட்டிலைப் பார்த்துத்தான். எங்களுடையது அந்தத் தட்டைப் பெட்டி. மேலே மரச் சட்டங்கள், மூலைகளில் பித்தளை, இரண்டு பக்கமும் தோல் கைப்பிடி. உள்ளே தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு தட்டு. அதில் தொப்பிக்கென்று ஒரு வட்டக் குழி. எங்கள் வீட்டில் யாரும் தொப்பி போட்டதில்லை. அக்கா அதில் நூல்கண்டுகள் வைத்திருந்தாள்.

பெட்டி அக்காவின் கணவருடையது. ஐம்பதுகளில் அத்திம்பேர் ஏதோ பயிற்சிக்காக பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பலில் போனார். மனைவியை அழைத்துப்போக அவர் ஆபீஸ் செலவு தராது, அவரும் வற்புறுத்தவில்லை. பதிலாக, ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் கப்பல் சாப்பாட்டு அட்டைகளைத் தபாலில் அனுப்பினார். என்ன சாப்பிட்டார் என்று மனைவி தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். அக்கா சாப்பாட்டைப் பார்க்கவில்லை. அட்டையின் மேல் அச்சிட்டிருந்த பெண்களின் உடையைப் பார்த்தாள். அப்போதே தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு ரவிக்கைத் தையல் கடை நடத்திக்கொண்டிருந்தாள். ஓர் அட்டையில் ஒரு பெண், மேல்தளத்துக் கம்பியில் சாய்ந்து நிற்கிறாள்; முழங்கை வரை ஒட்டிப் பிடித்த சட்டைக் கை, அதற்குக் கீழே மணி போல விரிகிறது. அக்கா அதை ரவிக்கையில் வைத்தாள். ‘கப்பல் கை’ என்று தி. நகரில் அதற்குப் பெயர் வந்தது. எத்தனையோ கல்யாணங்களுக்கு அந்தக் கை போனது. வழக்கொழிந்து, எழுபதுகளில் திரும்பி வந்து, மறுபடி ஒழிந்து, தொண்ணூறுகளில் பேத்திகள் பழைய ஆல்பத்தைக் காட்டிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அக்கா மட்டும் கப்பல் ஏறவில்லை.

கடையை மூடி, அத்திம்பேரும் காலமான பிறகு, மயிலாப்பூரில் என்னோடு வந்து இருந்தாள். ஒருநாள் பேப்பரில், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு உல்லாசக் கப்பல் என்று விளம்பரம். மறுநாளே வங்கிக்குப் போய்விட்டு வந்தாள்.

“ரெண்டு பேருக்கு எடுத்துடு. நீ வரலேன்னா நான் தனியாப் போறேன்.”

“எழுபதாகப் போறது, அக்கா.”

“அதனாலதான் சொல்றேன். அந்தப் பெட்டியோடதான் போவேன். அறைக்குள்ள, கட்டிலுக்கு அடியில. தெனம் சாயங்காலம் இழுத்து, தெறந்து, ஒரு ரவிக்கை எடுத்துப் போட்டுண்டு சாப்பிடப் போவேன். நாப்பது வருஷமா அந்தக் கையைத் தெச்சேன். அதைப் போட்டுண்டு கப்பல்ல எப்படி உக்காருவா, எப்படிச் சாப்பிடுவான்னு ஒருதரம் பார்க்கணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

தி. நகரில் இருந்த ஏஜெண்ட் அலுவலகத்துக்குப் பெட்டியின் புகைப்படத்தோடு போனேன். கழுத்தில் டை கட்டிய இளைஞர் படத்தைப் பார்த்தார். தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார்.

“சார், ப்ளீஸ். இது லக்கேஜ் இல்ல சார். ஃபர்னிச்சர்.”

“விதி பதினொண்ணு. உயரம் பதினாலு. இது பதிமூணரை.”

“ரூல் கரெக்ட் சார். ஆனா சூட்கேஸ்னு நினைச்சுதான் எழுதியிருப்பாங்க.”

“நினைச்சதை எழுதலையே. எழுதினதைத்தான் கேக்கறேன்.”

“இதெல்லாம் பாம்பே ஹெட் ஆபீஸ் டிசிஷன் சார். எழுதிப் போடுங்க.”

எழுதிப் போடச் சொல்லி என்னைப் பயமுறுத்தியவர் அதற்கு முன் யாரும் இல்லை. அன்று மாலையே எழுதினேன். முதல் வரியில் பெட்டியின் உயரம், இரண்டாவதில் விதியின் எண், மூன்றாவதில் என் கோரிக்கை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்தது. பதில் வரவில்லை. முறைப்படி முதல் நினைவூட்டல், பிறகு இரண்டாவது. ஒவ்வொன்றிலும் முதல் வரி பெட்டியின் உயரம்தான். எதிராளி சோம்பேறி என்று எடுத்துக்கொண்டு எழுத வேண்டும். முதல் வரிக்கு மேல் படிக்க மாட்டான். அலுவலகத்தில் நான் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றைத்தான்.

இதற்கிடையில் பெட்டியைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. உள்துணி கிழிந்திருந்தது, ஒரு கைப்பிடி அறுந்திருந்தது. துணியை அக்கா தானே மாற்றினாள். மற்ற வேலைக்கு ராயப்பேட்டை போகும் வழியில் பெட்டி செய்யும் கடை வைத்திருந்த பாயிடம் கொடுத்தோம். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணச் சீர்ப் பெட்டி தன் கையால் ஆனது என்று சொல்லுவார். மறுத்தால் முகவரியும் சொல்லுவார். திரும்ப வாங்கப் போன அன்று, பெட்டி எங்களைப் பார்த்துத் தானாகவே உருண்டு வந்தது.

“இன்னா சார் அப்டிப் பாக்கறீங்க? ரப்பர் சக்கரம். அம்மா இந்த வயசுல இத தூக்கிக்கினு போவ முடியுமா? கயித்தக் கட்டி இஸ்துகினு போவட்டும். காசு வேணாம், நம்ம அன்பளிப்பு.”

அக்கா கயிற்றைப் பிடித்து நடைபாதையில் ஒரு சுற்று இழுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

நான் டேப்பை எடுத்தேன். சக்கரம், அதைத் தாங்க அடியில் அடித்திருந்த பலகை, எல்லாம் சேர்ந்து பதினாறுக்கு மேல்.

“பாய், கெடுத்தீங்களே. கட்டிலுக்கு அடியில போகாதே.”

“இன்னா சார், ஒரு விரக்கட எச்சா கீது. கட்டில கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க.”

“கப்பல்ல கட்டிலைத் தரையோட முடுக்கியிருப்பான் பாய்.”

“அப்ப அவன் மேலதான் தப்பு.”

கழற்றிவிடலாம் என்றேன். அக்கா கயிற்றை விடவில்லை. “துறைமுகத்துல இதை யார் தூக்குவா? நீயா? போன மாசம் பால் குக்கரைத் தூக்கி இடுப்பு பிடிச்சுண்டவன்தானே?” என்றாள். பாய் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு பாயிடம் சாக்பீஸ் வாங்கி, பலகையின் நான்கு ஓரத்திலும் கோடு போட்டாள்.

“ஆணியெல்லாம் எடுத்துடுங்கோ பாய். பலகையும் சக்கரமும் தனி, பெட்டி தனி. இங்க, இங்க, இங்க, இங்க பெரிய கொக்கி. பெட்டிப் பக்கம் வளையம், உள்ளடங்கி இருக்கணும். மாட்டினா வண்டி, கழட்டினா பெட்டி. ரவிக்கைக்குக் கொக்கி வெக்கற மாதிரிதான். மூச்சு விட்டாத் தெறிக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

பாய் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்மா கடை போட்டா நான் மூடிக்கினு போவணும்,” என்றார். ஆனால் கொக்கிக்குக் காசு வாங்கினார்.

பொங்கல் கழிந்து கப்பல் புறப்படும் நாள் வந்தது. பம்பாயிலிருந்து பதில் வரவில்லை. துறைமுகத்தில், பயணிகள் ஏறும் வாயிலில், அதே டை இளைஞர் கையில் வாக்கி-டாக்கியோடு நின்றார். அக்கா பின்னால் பெட்டி உருண்டு வருவதைப் பார்த்ததும் அவர் தோள் தொய்ந்தது.

“சார், ஹெட் ஆபீஸ் ரிப்ளை வந்துச்சா?”

“வரலை.”

“அப்ப பர்மிஷன் இல்ல சார். கீழதான் போகணும்.”

“மறுப்பும் இல்லையே. விதி அமல்ல இருக்கு. விதியைச் செயல்படுத்த அனுமதி வேண்டாம். நிறுத்தி வெக்கறதுக்குத்தான் உத்தரவு வேணும். உத்தரவைக் காட்டுங்க.”

கையேட்டையும், மூன்று கடித நகல்களையும், ஒப்புகை அட்டைகளையும் அவர் முன் விரித்தேன். பின்னால் வரிசை நீண்டது. யாரோ ஒருவர் “யோவ், இன்னாய்யா அங்க, பஞ்சாயத்தா?” என்று கத்தினார். அக்காவுக்கு என் வாதம் அலுத்துவிட்டது.

“தம்பி, வாயால அளக்காதீங்கோ. மேல வந்து தள்ளிப் பாருங்கோ. போகலேன்னா கீழயோ கடல்லயோ உங்க இஷ்டம், போட்டுக்கோங்கோ.”

அறை வரை வந்தார். அக்கா கொக்கிகளைக் கழற்றி, பலகையைக் கதவுக்குப் பின்னால் சாய்த்தாள். நான் பெட்டியைத் தள்ளினேன். பாதி போய் நின்றுவிட்டது. தரையில் தடிக் கம்பளம். கையேட்டில் கம்பளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. டை இளைஞர் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார். அக்கா எதிர்க் கட்டிலில் முதுகை முட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்தாள், இரண்டு பாதங்களையும் பெட்டியில் பதித்தாள், உதைத்தாள். பெட்டி சுவர் வரை போய் இடித்து நின்றது.

பதினோராவது விதி அமலுக்கு வந்தது.

“என்ஜாய் தி வாயேஜ் மேடம்,” என்றார் இளைஞர். குரலில் கசப்பு இல்லை. நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டேன்.

முதல் நாள் மாலை விருந்துக்கு ‘தகுந்த உடை’ என்று கையேட்டில் இன்னொரு விதி இருந்தது. அக்கா பெட்டியை இழுத்து, கருநீலப் பட்டும் கப்பல் கை ரவிக்கையும் எடுத்து உடுத்திக்கொண்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் பாதிப் பேர் அரை நிஜாரில் இருந்தார்கள். ஒருவர் தலையில், கழற்ற மறந்த நீச்சல் தொப்பி. அக்கா யாரையும் கவனிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். தக்காளி சூப் வந்தது. ஸ்பூனை எடுத்தாள். விரிந்த கை மணி போல இறங்கி, நேராக சூப்பில் விழுந்தது.

கையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி ஸ்பூனை எடுத்தாள். மறுபடி விழுந்தது.

“டேய், இதுல சாப்பிடவே முடியாதுடா.”

“படத்துல இருந்தவ கம்பியில சாஞ்சுண்டுதானே இருந்தா.”

“அவ சாப்பிட்டிருக்கவே மாட்டா,” என்றாள். “இத்தனை வருஷமா ஒருத்தியாவது வந்து சொன்னாளா? கல்யாணப் பந்தியில எத்தனை பேர் சாம்பார்ல தோய்ச்சுண்டாளோ.” அவமானப்பட்டவள் போலத் தெரியவில்லை. அளவு தப்பாக எடுத்த வாடிக்கையாளர் துணியைப் பார்க்கிற பார்வை அது. கையைச் சுருட்டி ஊக்கு குத்திக்கொண்டு, முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டாள். மறுநாள் காலை தொப்பிக் குழியிலிருந்து நூல்கண்டை எடுத்து, கடலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, கையின் விரிவை இரண்டு அங்குலம் மேலே ஏற்றி, உள்பக்கம் ஒரு மடிப்பு கொடுத்துத் தைத்தாள். அன்று மாலை சூப் குடித்துக் காட்டினாள். கை அசையவில்லை.

சிங்கப்பூரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சுத்தமாக இருந்தது.

திரும்பி வந்ததும் தி. நகரில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பினாள். கப்பல் கை ரவிக்கை யாரிடம் இருந்தாலும் கொண்டுவரலாம், இலவசமாகத் திருத்தித் தரப்படும். கார் கம்பெனிகள்கூட இவ்வளவு நேர்மையாகப் பழுதை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. பெண்கள் வந்தார்கள், மகள்கள் வந்தார்கள். சிலர் திருத்த வேண்டாம், பேசிவிட்டுப் போகிறோம் என்று வந்தார்கள். ரவிக்கைகள் கூடத்தில் திறந்து கிடந்த பெட்டியில் நிறைந்தன. அக்கா தையல் மிஷினில் இருந்தபோதுதான் தபால்காரர் பம்பாய் முத்திரையோடு ஒரு நீள உறையைக் கொடுத்தார்.

தங்கள் கடிதங்கள் கிடைத்தன. பெட்டியின் உயரத்தைத் தெரிவித்தால் பரிசீலிக்கப்படும்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். மிஷினை நிறுத்தாமலே, “பதிமூணரைன்னு எழுதிப் போடு,” என்றாள். கடிதத்தின் மேல் ஓரத்தில் ‘வரப்பெற்றது’ என்று எழுதி, கீழே பழக்கதோஷத்தில் தேதி போட்டேன்: 7.2.1997.