ஜன்னலுக்கு எதிரே நட்ட கொய்யா

அப்படியென்றால் எதைத்தான் புதைத்தாள், சொல்லட்டுமே! ஒருத்தி நகை என்கிறாள், ஒருத்தி மந்திரித்த தகடு என்கிறாள், இன்னொருத்தி அண்ணன் வீட்டில் திருடிய வெள்ளிச் சாமான் என்கிறாள். வாய்க்கு ஒரு பொருள் என்று சேர்த்தால் ஒரு கடையே வைத்துவிடலாம். கண்ணால் கண்டவர் யார் என்று கேட்டால் மட்டும் எல்லாருக்கும் அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது.

மண்வெட்டி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததும் இதே வாய்கள்தான். தாய் போன பிறகு அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டு, ஒரு நாற்றுப்பண்ணையில் பைகளில் மண் நிரப்பி வளர்ந்தவள் அவள். அவள் கைபட்ட கன்றுகள் வண்டியேறிப் போய் யார் யார் வீட்டிலோ மரமாகிவிட்டன. ஒன்றின் நிழலில்கூட அவள் உட்கார்ந்ததில்லை. காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகுதான் லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் கேட்டு வந்தான். அவனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"வீட்டுக்குள்ள நான் எதையும் கேக்க மாட்டேன். பின்னாடி மண்ணு சும்மா கிடக்குதுன்னு சொன்னீங்களே, அதை மட்டும் என் கையில விட்டுடுங்க. நான் என்ன பண்ணாலும் ஏன்னு கேக்கக் கூடாது."

"மண்ணுதானே, எடுத்துக்கோ" என்றான் அவன். ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டான்.

அந்த வீட்டில் அவனுடைய அக்கா இருந்தாள். தையற்காரி. தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அவனுக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் அது தள்ளியே போய்விட்டது. அவளுடைய தையல் மெஷின் பின்பக்க ஜன்னலோரம் இருந்தது. ஊசியில் ஒரு கண், தோட்டத்தில் ஒரு கண்.

வந்த புதிதில் மண்வெட்டி ஒரு செடிகூட நடவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு மண்ணையே பார்த்திருந்தாள். காலையில் வீட்டு நிழல் விழும் இடத்தில் ஒரு குச்சி, உச்சியில் ஒரு குச்சி, சாயங்காலம் ஒரு குச்சி என்று ஊன்றிக்கொண்டே போனாள். எது எந்த வேளைக் குச்சி என்று தெரிய, மெஷினுக்கடியில் கிடந்த வெட்டுத் துணியைப் பொறுக்கி முடிச்சுப் போட்டாள். சிவப்பு காலைக்கு, மஞ்சள் உச்சிக்கு, கறுப்பு சாயங்காலத்துக்கு. எங்கே வெயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரியாமல் எதை எங்கே நடுவது?

அவளே சொன்னாலும் அக்கா நம்புவாளா? தான் வெட்டிய துணி, கறுப்பும் சிவப்புமாக, முடிச்சு முடிச்சாக மண்ணில் நிற்கிறது. செய்வினை என்றே அவளுக்குப் பட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, இதென்ன முடிச்சு?"

"நிழலைக் குறிக்கிறாளாம்."

"நிழலையா? நிழலை எதுக்குக் குறிக்கணும், அது என்ன ஓடியா போகுது? உங்க தம்பி முகத்தைப் பாத்தீங்களா, சுருங்கிப் போச்சு."

தம்பி அந்த வாரம் பல் பிடுங்கியிருந்தான். அதை யார் நினைத்தார்கள்?

அடுத்து குழிகள் வந்தன. அவள் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்று பார்ப்பாள். பிறகு வெயில் குடிக்கட்டும் என்று திறந்தே விட்டுவிடுவாள். பாத்திக்கான குழி ஒன்று நீளமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அதைக் கண்ணாலேயே அளந்தாள்.

"ஆள் படுக்கிற நீளம்க்கா."

அன்று முதல் அக்கா கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தூங்கினாள்.

இதற்குள் மண்வெட்டி கயிறு போட்டு, நடைபாதையை வளைத்து, ஓரத்தில் உடைந்த செங்கல் பதித்தாள். அடுப்படி வாசலில் கைக்கெட்டும் தூரத்தில் புதினாவும் மிளகாயும். பக்கத்து வீட்டுச் சுவரோரம் வேலிச்செடி வரிசை. அக்காவின் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு கொய்யாக் கன்று. அதைப் பார்த்ததும் மெஷின் நின்றுவிட்டது.

"இடமே இல்லாத மாதிரி என் ஜன்னலுக்கு முன்னாடி ஏன் நடுறே?"

"மத்தியானத்துக்கு மேல வெயில் உங்க மூஞ்சியில அடிக்குது. கண்ணைச் சுருக்கிக்கிட்டே தைக்கிறீங்க."

"என் மேல அவ்வளவு கரிசனமா?"

மண்வெட்டி மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டே சிரித்தாள். "வெயிலுக்கும்தான்க்கா. உங்க கண்ணுக்கும்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அது என் முதுகிலேயே இருக்குது, எனக்கும் அரிக்காதா?"

அவளுக்காகப் பரிந்து பேசுகிறவர்களும் இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்: அந்த வார்த்தையை அவள் மென்று முழுங்கியிருக்கலாம். இவள் எதையோ மறைக்கப்போகிறாள், அதற்குத்தான் மரம் வளர்க்கிறாள் என்று அக்காவின் மனதில் அன்றைக்கு ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

சில நாளில், வெயில் தாழ்ந்த பிறகு, மண்வெட்டி ஒரு சாக்குப் பையைச் சுமந்து வந்தாள். நீளக்குழியை நிரப்பி மேடாக்கிய பாத்தியில் அதிலிருந்ததை ஒவ்வொன்றாக வைத்து மூடினாள். மேலே எதுவும் தெரியவில்லை, ஒரு இலைகூட இல்லை. நட்டால் செடி தெரிய வேண்டாமா? ஜன்னலிலிருந்து பார்த்த அக்காவுக்கு நூல் இரண்டு தடவை அறுந்தது. இரவுச் சாப்பாட்டில் தம்பியிடம் சொன்னாள். அவன் "பாக்கலாம்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனையோ அர்த்தம் உண்டு. அக்கா தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மண்வெட்டி எரு வாங்கப் பண்ணைக்குப் போனாள். அவள் தலை தெருமுனையில் மறைந்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டுக்காரி கடப்பாரையோடு வந்துவிட்டாள். இரண்டு பேரும் பாத்தியைக் கிளறினார்கள். வெங்காயம் மாதிரி ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. எல்லாம் சம்பங்கிக் கிழங்கு, நுனியில் வெள்ளையாக முளை கட்டியிருந்தது.

"கிழங்குதாண்டி" என்றாள் அக்கா. குரலில் சின்ன ஏமாற்றம் இருந்தது.

"இது மேல போட்டு மூடுறதுக்குக்கா. சரக்கு வேற இடத்துல இருக்கும். உங்க கண்ணை மறைக்க மரம் வச்சா பாருங்க, அங்கதான்."

கன்றைச் சுற்றி வெட்டினார்கள். வேர் அறுபடுகிற சத்தம் நார் கிழிவது போல் கேட்டது. முழங்கை ஆழம் போயும் மண்தான். கன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

அப்போதுதான் தம்பி சாப்பிட வந்தான். குழியைப் பார்த்தான், கன்றைப் பார்த்தான், மண் அப்பிய அக்காவைப் பார்த்தான். அதட்டுவான் என்று அக்கா தலை குனிந்துகொண்டாள். அவன் குழிக்குள் எட்டிப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டான்:

"ஏதாவது கெடைச்சுதா?"

எருமூட்டையோடு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்துகொண்டிருந்தவள் காதில் அது விழுந்தது.

மூட்டையை இறக்கி வைத்தாள். கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சுவரோரம் போய் வசதியாக நின்றுகொண்டாள். மண்வெட்டி புருஷனிடம் மட்டும் பேசினாள்.

"நீங்களும் தேடுனீங்களா?"

"நான் எங்க தேடுனேன்? அக்கா சொன்னாங்க, அதான்..."

"ஏன்னு கேக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே வந்தேன்."

"இப்பவும் ஏன்னு கேக்கலையே!"

"ஆமா. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்."

அவள் மண்வெட்டியை எடுத்து, யாராவது இடறி விழப்போகிறார்கள் என்று குழியை மூடினாள். கன்றைத் திரும்ப நடவில்லை, வேர் போன கன்று பிழைக்காது. உள்ளே போய்க் கைகால் கழுவி, பையோடு முன்வாசலுக்கு வந்தாள். தம்பி நாற்காலியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். "சாயங்காலம் பேசிக்கலாம்" என்றான், தரையைப் பார்த்து.

அக்கா பின்னாலேயே வந்தாள். போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பழக்கப்பட்ட வாய் அல்லவா?

"பையில என்ன இருக்கு?"

மண்வெட்டி வாசற்படியில் பையை வைத்து, முழுசாகத் திறந்து காட்டினாள். மாற்றுத்துணி, சீப்பு, பண்ணையில் கொடுத்த செடி வெட்டும் கத்தரிக்கோல். பக்கவாட்டுச் சின்னப் பையின் ஜிப்பையும் இழுத்து, உதறிக் காட்டினாள்.

"போதுமாக்கா?"

மண்வெட்டி பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தெருவில் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் கையால் விரட்டிவிட்டு, வெளியே நின்று கையை உள்ளே நுழைத்து, கேட்டின் கொண்டியை உள்பக்கமாகப் போட்டாள். விழுந்ததா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு நடந்தாள்.