பச்சை இலை போட்ட பாக்கெட்

லிஃப்ட் மெக்கானிக்குக் கடை கண்ணி என்றாலே ஆகாது. வீட்டில் உப்பு தீர்ந்தால் எங்கே போய் வாங்குவது என்பதுகூட ஐம்பது வயதைத் தாண்டும்வரை அவருக்குத் தெரியாது. அதெல்லாம் மனைவியின் ராஜ்ஜியம். அந்த அம்மாள் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்தால் முன்பக்கத்தைச் சட்டை செய்யவே மாட்டாள். பின்னால் திருப்பி, எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும் பொடி எழுத்தைப் படித்து முடித்த பிறகுதான் அது கூடைக்குள் விழும். பரீட்சைக்கா படிக்கிறாய் என்று அவர் கிண்டல் செய்வார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவருக்கு வேலைதான் உலகம். உயரமான கட்டடங்களின் நடுவே, வெளிச்சம் எட்டாத குழிக்குள், கிரீஸ் பூசிய இரும்புக் கயிறுகளோடு மல்லுக்கட்டுகிற பிழைப்பு. மாலையில் வீட்டுக்கு வந்ததும் கையில் அப்பிய கறுப்பைத் தேய்த்துக் கழுவுவார், போட்டதைச் சாப்பிடுவார். தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் முழிப்பார்.

அப்படிப்பட்டவர் கையில் பை வந்து சேர்ந்தது, மனைவியின் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன பிறகு. அறுவை சிகிச்சை முடிந்தது, மருந்து ஏற்றினார்கள், தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. படி இறங்குவதற்கே இன்னொருவர் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் முடிச்சுப் போட வேண்டாம், எது உள்ளே இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்று டாக்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார். ஆனாலும் அவளுக்கு ஒரே ஒரு ஆசை. பூச்சிமருந்து படாத தானியமும் மாவும் வேண்டும்.

"ஆர்கானிக்னு போட்டிருக்கும். அதப் பாத்து வாங்கிட்டு வாங்க. வேற எதுவும் நான் கேக்கல."

அவர் போனார். ஒரு சுவர் முழுக்கப் பச்சை நிறப் பாக்கெட்டுகள், எல்லாவற்றிலும் ஒரு இலைப் படம். 'நூறு சதவீதம் இயற்கை', 'இயற்கையின் கொடை', 'தூய இயற்கை'. ஆர்கானிக் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இயற்கைதானே என்று அவர் நினைத்தார். பூச்சிமருந்து அடிக்காத விவசாயத்தையும் நாம் இயற்கை விவசாயம் என்றுதானே சொல்கிறோம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஓட்ஸ், பருப்பு, கோதுமை மாவு, தேன் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, பெரிய காரியத்தைச் சாதித்தவர்போல் வீடு வந்தார்.

அவள் மாவுப் பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, நல்லதாகவே வாங்கியிருக்கிறீர்கள் என்றாள். அன்றிலிருந்து கடைசிவரை கடையில் அதே சுவர்தான், அதே பச்சைதான். அவரே கஞ்சி காய்ச்சினார், அடிப்பிடித்தாலும் அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்தபின் சமையலறையை ஒழிக்க மைத்துனி வந்தாள். இறந்தவளின் தங்கை. மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிறவள். அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அத்தான், அக்காவுக்கு இதையா குடுத்தீங்க? இது ஆர்கானிக் இல்லியே."

அவர் இலைப் படத்தைக் காட்டினார், இயற்கை என்று போட்டிருக்கிறதே என்றார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆர்கானிக் என்றால் நிலத்தில் என்ன போட்டார்கள், பயிர்மேல் என்ன தெளித்தார்கள் என்று வெளியாள் ஒருவர் வந்து பார்த்து முத்திரை கொடுக்க வேண்டும், அந்த முத்திரை பாக்கெட்டில் இருக்கும் என்றாள். இயற்கை என்று போட்டால், செய்யும்போது சாயமோ செயற்கை வாசனையோ சேர்க்கவில்லை என்று அவர்களே சொல்லிக்கொள்வது. வயலில் என்ன நடந்தது என்பதற்கு அந்த வார்த்தை பொறுப்பில்லை, பெரும்பாலும் அதை யாரும் வந்து பார்ப்பதுமில்லை.

அவருக்கு அதுதான் புரியவில்லை. ஒவ்வொரு லிஃப்ட்டிலும் இத்தனை பேர் ஏறலாம் என்று ஒரு தகடு இருக்கும். பளுவை ஏற்றி, இறக்கி, ஆய்வாளர் வந்து பார்த்த பிறகுதான் அந்தத் தகட்டை அடிப்பார்கள். எழுதியிருந்தால் யாரோ சோதித்திருக்கிறார்கள் என்று நம்பியே காலம் தள்ளியவர் அவர்.

"யாரும் பாக்காம எழுதலாமா?" என்று கேட்டார்.

மைத்துனி எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி, அக்கா ஒரே ஒரு விஷயம் கேட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

மகள் கல்லூரியில் படிக்கிறவள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் அப்பாவுக்கு டீ கொண்டுவந்து வைத்தவள், அம்மாவுக்கு முதல் நாளே தெரியும் என்றாள். மாற்றி வாங்கிவரட்டுமா என்று இவள் கேட்டதற்கு, வேண்டாம், வேலை முடிந்து அலைந்து வாங்கியிருக்கிறார், விடு என்று அம்மா தடுத்துவிட்டாளாம்.

இது தெரிந்தால் அவர் மனம் ஆறும் என்று அந்தப் பெண் நினைத்திருக்கலாம். ஆறவில்லை. மனைவி திட்டியிருந்தால், முகத்தில் எறிந்திருந்தால் ஓடிப்போய் மாற்றியிருப்பார். அந்தச் சந்தர்ப்பத்தையும் கொடுக்காமல், தெரிந்தே விழுங்கிவிட்டுப் போனது நெஞ்சை அறுத்தது. வேலையிடத்தில் திருகாணியை முடுக்கிக்கொண்டே நின்றுவிடுவார். வீட்டுக்கு வந்தால் மகளைத்தான் தொணதொணப்பார். அம்மா வேறு என்ன சொன்னாள்? கஞ்சி பிடித்ததா? தேன்? வருத்தப்பட்டாளா?

ஒருநாள் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. சத்தம் போடவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு என்கிட்ட கேக்கறீங்கப்பா. இத்தன வருஷம் பக்கத்துலயே இருந்தாங்க. அப்ப ஒரு நாளாவது அவங்ககிட்ட கேட்டீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த படிப்பு ஆண்டு தொடங்கியதும் மகள் விடுதிக்குப் போனாள். படிக்க வசதி என்றாள், அவரும் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அவர் சமைத்து வைத்திருப்பார். உப்பு சரியாக இருக்கிறதா, காரம் கூடிவிட்டதா என்று அவள் எதிரே உட்கார்ந்து கேட்பார்.

நன்றாக இருக்கிறதுப்பா என்பாள் அவள், தட்டிலிருந்து முகத்தை எடுக்காமல். அதை நம்புவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரிவதில்லை.