சரிபாதியாய்ப் பிரித்த பட்டறை

மண்ணெண்ணெயில் ஊறிய இரும்புக்கென்று ஒரு வாசம் உண்டு. அதோடு விளக்கெண்ணெயின் கனத்த மணமும் செங்கல் பொடியின் மண்வாடையும் சேர்ந்துகொண்டால், எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை நெருங்கிவிட்டது என்று பொருள். மற்ற வீடுகளில் அந்த நாட்களில் சுண்டலுக்குத் தாளிக்கிற வாசம் வரும். எங்கள் வீட்டிலும் சுண்டல் உண்டுதான், ஆனால் அதைக் கையில் வாங்கி வாயில் போடும்போதுகூட மண்ணெண்ணெய்தான் முன்னால் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் சொல்வது யுத்த காலம். ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு, அப்பாவும் சித்தப்பாவும் ஒரு சின்னக் கடைசல் பட்டறை வைத்திருந்தார்கள். இருவரும் மில்லில் வேலை பார்த்துத் தொழில் கற்றவர்கள். இரும்பைச் சுழற்றிக் கடைகிற, காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு லேத், ஒரு வைஸ், அரங்கள், ஸ்பேனர்கள், சுத்தியல்கள், எல்லாமே எவரோ உபயோகித்துக் கழித்தவை. மூடிப்போன பருத்தி ஆலைகளின் ஏலத்தில், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கமிருந்தெல்லாம் மாட்டுவண்டியில் வந்து இறங்கும். அவற்றுக்கு எங்கள் வீட்டில் "ஏலத்துச் சாமான்" என்று பெயர். வந்து இறங்கும்போது எது சுத்தியல், எது முளைக்கம்பி என்று தெரியாதபடி துரு அப்பியிருக்கும். அவற்றைத் தகரத் தொட்டியில் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, துணியால் துடைத்து, விளக்கெண்ணெய் பூசி வைப்பதில் அம்மாவுக்கும் சித்திக்கும் எனக்கும் பங்கு உண்டு. மிஷின் எண்ணெய் கிடைக்காத காலம் அது. தேங்காயெண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்துபோகும், நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகும், விளக்கெண்ணெய்தான் நின்று உழைக்கும் என்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். "துருவை அவசரப்படுத்தக் கூடாது, அது பாட்டுக்கு ஊறட்டும்" என்று அப்பா சொல்வார். மனிதர்கள் விஷயத்தில் அவருக்கு அந்தப் பொறுமை சுத்தமாகக் கிடையாது.

சித்தியின் தம்பி கல்யாணத்தில் முதல் பந்திக்கு அப்பாவைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். இவ்வளவுதான் விஷயம். அது வளர்ந்து வளர்ந்து, "அவன் வேணும்னுதான் செஞ்சான்" என்று அப்பாவும், "கௌரவம் பார்க்கிறவரோட இனிமே என்ன கூட்டு" என்று சித்தப்பாவும் சொல்லி, வீட்டின் நடுவே சுவர் வைக்கிற வரைக்கும் போயிற்று. பட்டறையைப் பிரித்துக் கொடுக்க உசிலம்பட்டியிலிருந்து அப்பாவின் தாய்மாமா வந்தார். நல்ல மனிதர், ஓரவஞ்சனை தெரியாதவர். ஆனால் ஆயுள் முழுக்க ஆடு மாடும் தோட்டமும் கிணறும் பிரித்தே பழகியவர். கிணற்றில் பாதி, தென்னையில் பாதி என்கிற கணக்கை அப்படியே இரும்பின் மேலும் போட்டார்.

"லேத்து பெரியவனுக்கு. அது மேல மாட்டிக் கழட்டுற சாமான் அம்புட்டும் சின்னவனுக்கு. சரிதானப்பா?" என்றார்.

ஸ்பேனர்களைச் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையாக அடுக்கி, ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று ஆட்டுக்குட்டி பிரிக்கிற மாதிரி ஒதுக்கினார். திருகாணிக்கு மரை வெட்டுகிற சாமானில் ஆண் மரை ஒரு வீட்டுக்கும் பெண் மரை ஒரு வீட்டுக்கும் போயிற்று. இது எதற்கும் உதவாத பாகம் என்பது அண்ணன் தம்பி இருவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் மற்றவனிடம் இறங்கிப்போனதாகிவிடுமே. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பச் சரி என்று தலையாட்டினார்கள். மாமா திருப்தியாக வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

லேத்தில் வேலை நடக்க வேண்டுமானால் இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒன்று வேண்டும். மூன்று தாடைகளோடு வட்டமாக இருக்கும், "சக்கு" என்பார்கள். அது சித்தப்பா வீட்டில் ஒரு மூலையில் கிடந்தது. சக்கு இல்லாத லேத் எங்கள் கொட்டகையில் நின்றது. ஜட்கா அச்சுக்கும் பம்புக்கும் வேலை கொண்டுவந்தவர்கள் இரண்டு வாசலிலும் நின்று பார்த்துவிட்டு வேறு இடம் போனார்கள். சித்தப்பா ஒரு பஸ் முதலாளியின் ஷெட்டில் கூலிக்குப் போனார். அப்பா அரத்தை வைத்துக்கொண்டு பூட்டு, சாவி என்று எதையாவது ராவிக்கொண்டிருந்தார். யுத்தத்தில் பழைய இரும்புக்கு ஏக கிராக்கி. தெற்கு வாசலிலிருந்து ஒரு இரும்பு வியாபாரி வந்து லேத்தைத் தட்டிப் பார்த்தார். பூஜை கழிந்ததும் வந்து எடுத்துப் போகச் சொல்லிவிட்டார் அப்பா. உடைத்து உருக்குகிறவர்கள் அவர்கள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பூஜைக்கு முதல் நாள் மத்தியானம், அம்மாவும் நானும் கடைசித் தடவையாக லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம். பல்சக்கரத்தின் பல்லிடுக்கில் ஏறியிருந்த துருவை நான் ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன். அம்மா வழக்கத்துக்கு மீறி அழுத்தித் தேய்த்தாள். கொல்லைப்பக்கமாகச் சித்தி வந்தாள், இடுப்பில் நார்ப்பெட்டி. அண்ணன் தம்பிதான் பேசுவதில்லை. ஓரகத்திகள் கிணற்றடியில் நன்றாகவே பேசிக்கொள்வார்கள். பெட்டியில் மேலே முருங்கைக்கீரை, அடியில் அந்தச் சக்கு. தாடை மூன்றும் தனித்தனியாகக் கழன்று கிடந்தன.

"அக்கா, பூசைக்கு வெளக்கி வைப்போம்னு கழட்டினேன். மாட்டத் தெரியல. அவுக ஷெட்டுலருந்து வந்து பாத்தாகன்னா ஆடித் தீத்துருவாக" என்றாள் சித்தி. பித்தளைக் குடத்தைத் தேய்க்கிற மாதிரி செங்கல் பொடி போட்டுத் தேய்த்திருந்தாள். உண்மையில் பளபளவென்றுதான் இருந்தது.

அம்மாவும் சித்தியும் நானும் முயன்று பார்த்தோம். தாடைகள் ஒன்று முன்னால் வந்தால் ஒன்று பின்னால் நின்றது. அப்போது அப்பா உள்ளே வந்தார். சித்தி சுவரோரம் ஒதுங்கினாள். அப்பா சக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பசித்தவன் இலை முன்னால் உட்காருகிற மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு தாடையிலும் தேய்ந்துபோன எண் ஒன்று இருக்கும். அதே எண்ணுள்ள பள்ளத்தில், அதே வரிசையில் இறக்க வேண்டும். அப்பாவின் விரல்களுக்கு அது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். மாட்டி முடித்தவர், சரியாக நிற்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லேத்தில் முடுக்கினார். ஒரு கம்பித் துண்டைக் கவ்வக் கொடுத்து, உளியை ஒட்டவைத்து, மிதித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கொட்டகையில் அந்தச் சத்தம் எழுந்தது. ஆனால் ஒரே சீராக வரவில்லை. சர்ரென்று சீவும், விட்டுப்போகும், மறுபடி சீவும். கம்பி நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் தள்ளி ஓடியது.

பூஜைக்காக ஷெட்டில் சீக்கிரம் விட்டிருந்தார்கள் போலும். சுவருக்கு அந்தப் பக்கம் குவளை வைக்கிற ஓசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் சித்தப்பா எங்கள் கொட்டகை வாசலில் நின்றார். தன் பாகத்துச் சாமான் எங்கள் லேத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. சித்தியோ சுவரோடு சுவராக நிற்கிறாள். இன்றைக்குப் பெரிய கலகம்தான் என்று நினைத்தேன்.

சித்தப்பா அவளைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார்.

"அண்ணே, நிறுத்துங்க. தாடைக்கடியில என்னமோ கெடக்கு" என்றார்.

அப்பா மிதிப்பதை நிறுத்தினார். "செங்கப்பொடிடா" என்றார்.

"எங்க வீட்ல போட்டதுதான்" என்றார் சித்தப்பா. பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

சக்கை மறுபடி பிரித்தார்கள். ரேஷனில் வாங்கி விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை அம்மா பாட்டிலோடு கொடுத்தாள். போதாமல் சித்தி ஓடிப்போய்த் தன் வீட்டுப் பாட்டிலையும் கொண்டுவந்தாள். தாடைகளை நகர்த்துகிற உள்சுருளில் அடைந்திருந்த பொடியை ஒருவர் கழுவ, ஒருவர் துணியால் ஒற்றி எடுக்க, விளக்கெண்ணெய் பூசி மாட்டி, மறுபடி மிதித்தபோது கம்பி நடுவில் நின்று ஓடியது. சீவல் நீளமாக, அறுந்துபோகாமல் சுருண்டு விழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா தயங்கித் தயங்கிச் சக்கைக் கழற்றக் கையை நீட்டினார். அவர் பாகம் அல்லவா.

அம்மா அதற்குள் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். லேத்துக்கும் ஒரு பொட்டு, சக்குக்கும் ஒரு பொட்டு, மேலே குங்குமம்.

"பொட்டு வச்சாச்சு கொழுந்தனாரே. இனி விஜயதசமிக்கு எடுத்துத் தொழில் செய்யிற வரைக்கும் நகட்டக் கூடாது" என்றாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். வழக்கமாகப் பூஜை அன்று காலையில்தான் பொட்டு வைப்போம். அதை அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

"அப்ப நம்ம வீட்ல எதை வச்சுக் கும்பிடுறது?" என்று கேட்டாள் சித்தி, சுவரைப் பார்த்தபடி. சித்தப்பா எழுந்து போனார். ஸ்பேனர், மரை, சுத்தியல் என்று தன் பாகம் முழுவதையும் சாக்கில் போட்டுத் தூக்கிவந்து, எங்கள் சாமான்களின் நடுவே இறக்கினார். அந்த வருஷம் இரண்டு வீட்டுக்கும் ஒரே பூஜை. மண்ணெண்ணெய் தீர்ந்துபோனதால் அந்த வாரம் முழுக்க இரண்டு வீட்டிலும் அகல்விளக்குதான்.

விஜயதசமிக்கு மறுநாள் வியாபாரி ஆட்களோடு வந்து நின்றார். அப்பா லேத்தைவிட்டுத் திரும்பவில்லை. சித்தப்பாதான் வாசலுக்குப் போனார். "இது ரெண்டு பேர் சாமான். ஒருத்தர்கிட்ட பேசி முடிச்சா எப்படி?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளே அம்மா அடுப்பை ஊதுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் எல்லாரும் கூடிக் குலாவினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நடுச்சுவர் நின்றபடியே நின்றது. வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு அவர்களுக்குள் கிடையாது. சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதென்றாலும் என்னைத்தான் தூது அனுப்புவார்கள். அப்படியே வருஷக்கணக்காக ஒரே கொட்டகையில் உழைத்தார்கள். அப்பா இறந்த அன்று, சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்க, சித்தப்பாவை மட்டும் காணவில்லை. கடைசியிலும் வீம்பைப் பார் என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். நான் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். அவர் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பல் பல்லாகத் துடைத்து, விளக்கெண்ணெய் பூசி, அப்பாவின் வேட்டி ஒன்றை மேலே போர்த்தினார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. "ஈரக்காத்து, துரு பூத்துரும்" என்றார் என்னிடம்.

இப்போது அந்த இடத்தில் ஒரு விடுதி இருக்கிறது. கொட்டகையும் சுவரும் போயின. லேத் எந்த ஊருக்குப் போயிற்றோ தெரியாது. எனக்கும் உறவுகளுக்குக் குறைவில்லை. சண்டையே போடாதவர்கள், பண்டிகைக்குப் பண்டிகை போனில் நலம் கேட்பவர்கள், எல்லாரும் நல்லவர்கள். என் வீட்டில் ஏதோ ஒன்று சீராக ஓடவில்லை என்பதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காதால் கேட்டு, கூப்பிடாமலே வந்து உட்காருகிற ஆள்தான் அவர்களில் ஒருவரும் இல்லை.