முந்நூற்று ஐம்பதாவது ஆள்

புயல் ஓய்ந்த மறுநாள், உணவுப் பொட்டலத்துக்கு ஆள் கணக்கெடுக்கப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்குப் போனேன். மகளிர் குழுத் தலைவியான அந்த அம்மா, உடைந்த மூக்குக்கண்ணாடியை வலை நூலால் கட்டியிருந்தார். விரல் கணுக்களைத் தொட்டு, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித்தான் எண்ணுவார்.

"முந்நூத்தி நாப்பத்தொம்பது பேரு சார்."

பொட்டலங்கள் நூறு நூறாகத்தான் வரும். அதனால் படிவத்தில் அருகிலுள்ள நூற்றுக்கு முழுமையாக்கி எழுத வேண்டும். 300 என்று எழுதினேன்.

"மீதி நாப்பத்தொம்பது பேரு இன்னா பண்ணுவாங்க?"

"அம்பதுக்குக் கீழ இருந்தா விட்டுடணும்மா. அம்பது இருந்திருந்தா நானூறுன்னு போட்டிருப்பேன்."

"ஒரே ஒரு ஆளுதான் கொறையுதா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சாப்டியா சார்?"

"இல்லம்மா."

"அப்ப உன்னையும் சேத்துக்கோ."

300-ஐ அடித்துவிட்டு 400 என்று எழுதினேன். மாலையில் பொட்டலங்கள் வந்தன. முதல் பொட்டலத்தை என் கையில் திணித்தார். எல்லாருக்கும் கொடுத்தபின் எஞ்சிய ஐம்பதைப் படகில் ஏற்றிப் பக்கத்துக் குப்பத்துக்கு அனுப்பினார்.

முந்நூறும் சரியில்லை, நானூறும் சரியில்லை. இரண்டையும் எழுதியவன் நான்தான். ஆனால் அவர் பெயர் சொல்லி எண்ணியவர்களில் நானும் ஒருவனா, இல்லையா? இன்றும் எனக்குக் குழப்பம்தான். அவர் என் பெயரைக் கேட்கவே இல்லை.