கிணற்றிலிருந்து ஏறி வந்த பெயர்கள்

பத்தாம் வகுப்போடு நின்றவள் சினிமாவைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மகள் போனில் படம் போட்டு, பெயர் போடுவதை விரலால் தள்ளிவிட்டதும், கோச்சடைப் பக்கம் இருந்த தகரக்கூரை சினிமாக் கொட்டகை நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. திரையில் வரும் பெயர்களை நான் வாசித்துச் சொன்னால்தான் அடுத்த படத்துக்கும் கூட்டிப்போவாள். ஒருநாள் மாட்டினிக் காட்சியில் ஒரு பேய்ப் படம். முதலில் வந்தது ஓர் இருண்ட கிணறு. வீட்டில் நான் தினமும் தண்ணீர் இறைக்கும் ராட்டினம் போலவே அதுவும் கிறீச்சிட, கயிறு மேலே வர வர, ஒவ்வொரு பெயராக ஈரம் சொட்ட ஏறி வந்தது. பேய் எதுவும் காட்டவில்லை. அடுத்து ஏறி வருவது பெயராக இருக்காதோ என்றுதான் நடுங்கினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பாடல்கள் பாண்டியம்மாள்" என்று வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களாகச் சொல்லி வைத்தேன்.

"ஏண்டி, ஒங்கூடப் படிக்கிற பாண்டியம்மா எப்படி பாட்டு எழுதுனா? இனிமே ஒன்னயக் கூட்டியாந்தாத்தானே" என்றாள் அம்மா.

பிறகு வந்த பேயைப் பார்த்துக் கொட்டகையே சிரித்தது. நான் அந்தக் கயிற்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் கிணற்றடிப் பக்கம் போகவில்லை. அம்மா தானே தண்ணீர் இறைத்து வைத்தாள்.