வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒரு பானை

எங்கள் வீட்டில் கருவாடு நாறாது, மணக்கும். தூத்துக்குடியிலிருந்து வந்த சாளைக் கருவாட்டை அத்தை தணலில் வாட்டினால் முக்கூடலில் பாதித் தெருவுக்கு அது தெரியும். எல்லோருக்கும் வாயூறும். நாற்றம் என்ற சொல்லை எங்கள் வீட்டார் என் அம்மா உண்ணும் ஒரே ஒரு பொருளுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார்கள்.

அம்மா பர்மாக்காரி. அரிசி மில்லில் கணக்கெழுத ரங்கூன் போன அப்பா அங்கே அவளைக் கண்டு, ஞானஸ்நானம் கொடுக்கச் செய்து, கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். மில்லுக்குப் பின்னால் அம்மாவைப் பெற்றவர்களின் வீடு. அந்த வீட்டில் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றில் ஙப்பியைப் பிசைந்து, விரலை வழித்து நக்கியதை நான் பார்த்திருக்கிறேன். மீனையோ கூனி இறாலையோ உப்பிட்டுக் காயவைத்து, இடித்து, பானையில் அடைத்துப் புளிக்கவிட்ட விழுதுதான் ஙப்பி. அந்த ஊரில் அது இல்லாமல் யாருக்கும் சோறு இறங்காது. அப்பாவுக்கும்தான். மறுசோறு கேட்டு வாங்கித் தின்பார்.

எனக்கு ஆறு வயதில் கப்பலேறி, ரயிலேறி, மாட்டுவண்டி ஏறி முக்கூடல் வந்தோம். வீட்டை ஆண்டவள் அப்பாவின் அக்கா. புருஷன் செத்துத் தாய்வீட்டோடு தங்கிவிட்டவள். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். அம்மாவுக்குச் சேலை கட்டக் கற்றுக்கொடுத்தாள், தமிழ் கற்றுக்கொடுத்தாள். பெயர் சொல்லி மட்டும் ஒரு நாளும் கூப்பிடவில்லை. ஊருக்கும் அம்மா 'ரெங்கோன்காரி'தான். அப்பாவோ கப்பலை விட்டு இறங்கும்போதே பர்மாப் பேச்சையும் இறக்கிவைத்துவிட்டார். அம்மா அந்தப் பாஷையில் எதையாவது கேட்டால் தமிழில் பதில் வரும். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

நாக்கைத்தான் அவளால் விட முடியவில்லை. சொதியும் புளிக்குழம்பும் நன்றாகவே வைப்பாள், ஆனால் மருந்து குடிக்கிற முகத்தோடு சாப்பிடுவாள். ஒரு கோடையில் சந்தையில் கூனி வாங்கி, வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து உரலில் இடித்து, பானையில் அடைத்து, வைக்கோல் படப்புக்குப் பின்னால் புதைத்தாள். அது பக்குவமானதும், ஆற்றுக்குத் துவைக்கப் போகும்போதெல்லாம் ஒரு உருண்டையை வாழையிலையில் முடிந்து எடுத்து வருவாள். துணி காயும்வரை மருதமரத்தடியில் உட்கார்ந்து, பழைய சோறும் ஙப்பியும் வெள்ளரிப்பிஞ்சுமாக இரண்டு பேரும் தின்போம். அப்போது மட்டும் பர்மாப் பேச்சில் வாய் ஓயாமல் பேசுவாள், சிரிப்பாள். என் அம்மா தாமிரபரணிக் கரையில்தான் இருந்தாள். வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தது வேறு யாரோ.

கோயில் அசனத்தன்று பிடிபட்டோம். அசனம் என்றால் சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பது. தேவனுடைய பந்தியில் வேற்றாள் கிடையாது என்று உபதேசியார் காலையில்தான் பிரசங்கம் பண்ணியிருந்தார். சாப்பாடு முடிந்து அவரும் சில சொந்தக்காரர்களும் எங்கள் முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன அத்தை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பானையோடு வந்தாள்.

"ஏலே, என்னலே கருமம் இது? எலி செத்த மாதிரில்லா நாறுது! ஒம் பொண்டாட்டி வேலையா?"

அடுக்களை வாசலில் நின்ற அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அவருக்குத்தான் தெரியுமே, சொல்லிவிடுவார் என்று நம்பிக்கொண்டு நின்றாள். நானும் நம்பினேன். இது அவள் ஊர்ச் சாப்பாடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எனக்கென்னக்கா தெரியும்? நான் இதக் கண்ணால கண்டதே இல்ல," என்றார் அப்பா.

ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று சீஷன் சொன்னதும் கூவியதாக வேதத்தில் வருகிற அந்தச் சேவல்தான் கூவவில்லை. பானையை அவரே வாங்கித் தெருவில் போட்டு உடைத்தார். உபதேசியார் தொண்டையைச் செருமிவிட்டு மழை எப்போது பெய்யும் என்று ஆரம்பித்தார். உடைந்த ஓடுகளையும் விழுதையும் அம்மா சாம்பல் போட்டு அள்ளினாள். சாயங்காலம் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு.

அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த கோடையில் மறுபடியும் இடித்தாள். இந்தத் தடவை பானை போனது வாய்க்கால் ஓரத்து வாழைத்தோட்டத்துக்கு. எங்கள் ஆற்றங்கரைச் சாப்பாடு வருஷக்கணக்கில் நடந்தது, யாருக்கும் தெரியாது.

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் அப்பா படுத்தார். வயிற்றில் கட்டி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பாளையங்கோட்டையிலிருந்து வந்த டாக்டர் சொல்லிவிட்டார். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. அத்தை ஆசையாக வாட்டிக் கொடுத்த கருவாட்டைக்கூடத் தள்ளிவிட்டார். அத்தை ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கஞ்சியோடு வந்த அம்மாவை அப்பா கிட்டக் கூப்பிட்டார். கொஞ்சம் ஙப்பி இருக்கிறதா என்று கேட்டார். பர்மாப் பேச்சில் கேட்டார், இத்தனை வருஷம் கழித்து. ரங்கூன் வீட்டில் மறுசோறு கேட்ட அதே குரல்.

பானை இருந்த இடம் எனக்குத் தெரியும். ஓடினால் கஞ்சி ஆறுவதற்குள் கொண்டுவந்துவிடலாம். எழுந்தேகூட விட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவரைப் பார்த்து, அத்தை பேசுவது போலவே பிசிறில்லாத எங்கள் ஊர்த் தமிழில் சொன்னாள்:

"என்னது கேக்கிய? எனக்கென்ன தெரியும்? நான் அதக் கண்ணால கண்டதே இல்ல."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வாரமே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, துக்கத்துணியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். போகிற வழியில் அம்மா தோட்டத்தில் நுழைந்து உருண்டையை எடுத்து வந்தாள். மருதமரத்தடியில் இலையைப் பிரித்து, சோற்றில் பிசைந்து, ஒரு வாய் வைத்தாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கவில்லை. எழுந்துபோய் ஆற்றில் துப்பிவிட்டு, இலையோடு எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டாள்.

"ஏட்டி, நாறுது," என்றாள்.

ஆற்றங்கரையில் அவள் என்னிடம் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.